21 உயிரைக் குடித்த சர்க்கரைப் பாகு

1919-ம் ஆண்டு ஜனவரி மாதம் 15-ந்தேதி. புதன்கிழமை. பகல் 12½ மணி தாண்டி இருந்தது.

அமெரிக்காவில் போஸ்டன் என்று ஒரு பெரிய நகரம் உண்டு. கடற்கரை ஓரம் உள்ள நகரம். அங்கே துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஏழைகள் நெருங்கி வாழும் ஒரு பேட்டை. இத்தாலி நாட்டில் இருந்து பிழைக்க வந்தவர்கள் அங்கே அதிகம்.

அது கடும் குளிர் காலம். ஆனால் அன்று மட்டும் குளிர் கொஞ்சம் குறைந்து இருந்தது. தொழிலாளிகள் வெளியே உட்கார்ந்து பகல் சாப்பாடு சாப்பிட்டார்கள். குதிரை வண்டிகள் போய்க்கொண்டு இருந்தன. சிறுவர் சிறுமியர் விறகு பொறுக்கிக்கொண்டு இருந்தார்கள்.

திடீர் என்று "பட பட பட" என்று ஒரு சத்தம்! இயந்திரத் துப்பாக்கி சுடுவது போல இருந்தது. தரை அதிர்ந்தது.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டு உயரத்துக்கு ஒரு அலை எழுந்து வந்தது. அது கடல் அலை அல்ல. கருப்பு நிறமான அலை. சர்க்கரைப் பாகு அலை!

ஓடியவர்களை எல்லாம் அது துரத்திப் பிடித்தது. 21 பேர் செத்தார்கள். 150 பேர் காயம் அடைந்தார்கள். விறகு பொறுக்க வந்த பிள்ளைகளில் 10 வயது உள்ள இருவர் பிணம் ஆனார்கள்.

சர்க்கரைப் பாகு ஆளைக் கொல்லுமா? கொன்றது. அதைக் கொல்ல வைத்தவர்கள் யார்? இதுதான் இன்றைக்கும் கேட்க வேண்டிய கேள்வி.

50 அடித் தொட்டி

கரும்பில் இருந்து சர்க்கரை எடுத்த பிறகு, கெட்டியான கருப்புப் பாகு ஒன்று மிஞ்சும். அதற்கு "மொலாசஸ்" என்று பெயர். அதைப் புளிக்க வைத்துக் காய்ச்சினால் சாராயம் கிடைக்கும். முதல் உலகப்போர் நடந்த நேரம் அது. வெடிமருந்து செய்ய அந்தச் சாராயம் தேவைப்பட்டது. விலை ஏறியது. லாபம் கொட்டியது.

ஒரு கம்பெனி போஸ்டன் துறைமுகத்தில் பாகைச் சேர்த்து வைக்க ஒரு இரும்புத் தொட்டி கட்டியது. 1915-ம் ஆண்டு கடைசியில் வேலை முடிந்தது.

அதன் உயரம் 50 அடி. குறுக்களவு 90 அடி. அதில் 87 லட்சம் லிட்டர் பாகு பிடிக்கும். எடை போட்டால் 12 ஆயிரம் டன்!

இவ்வளவு பெரிய தொட்டியைக் கட்டும் பொறுப்பு யாரிடம் இருந்தது தெரியுமா? ஒரு என்ஜினீயரிடம் அல்ல. கம்பெனியின் பொருளாளரிடம்! அவர் பணக் கணக்குப் பார்ப்பவர். கட்டடப் படத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள அவருக்குத் தெரியாது. தெரிந்த என்ஜினீயர் ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்கவும் இல்லை.

தொட்டியைக் கட்டி முடித்தால் அதில் தண்ணீர் நிரப்பிப் பார்க்க வேண்டும். தாங்குகிறதா, எங்காவது கசிகிறதா என்று சோதிக்க வேண்டும். புதுப்பானை வாங்கினால் வீட்டுப் பெண்கள் என்ன செய்கிறார்கள்? முதலில் தண்ணீர் ஊற்றி வைத்துப் பார்க்கிறார்கள். அதே சோதனைதான்.

ஆனால் பாகு ஏற்றிய முதல் கப்பல் வந்துகொண்டு இருந்தது. தொட்டி நிறையத் தண்ணீர் விட நேரம் ஆகும். பணமும் ஆகும். ஆகவே அடியில் 6 அங்குலம் மட்டும் தண்ணீர் விட்டார்கள். 50 அடித் தொட்டிக்கு 6 அங்குலச் சோதனை! "சரியாக இருக்கிறது" என்று சொல்லி, பாகை ஏற்றினார்கள்.

பழுப்புப் பெயிண்ட்

முதல் நாளில் இருந்தே தொட்டி கசிந்தது.

தகடும் தகடும் சேரும் இடங்களில் பாகு வழிந்தது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். தகர டப்பாவைக் கொண்டுவந்து பிடித்துக்கொண்டு போனார்கள். வீட்டில் தொட்டுச் சாப்பிட்டார்கள்.

அந்தத் தொட்டியில் வேலை பார்த்த தொழிலாளி ஒருவருக்குப் பயம் வந்துவிட்டது. இரவில் தூக்கம் இல்லை. தொட்டியில் இருந்து உதிர்ந்த இரும்புச் செதில்களைக் கையில் அள்ளிக்கொண்டு மேலதிகாரியிடம் போனார். "தொட்டி தாங்காது" என்று முறையிட்டார்.

மேலதிகாரி கேட்கவில்லை.

ஆனால் கம்பெனி ஒன்று செய்தது. தொட்டிக்குப் பழுப்பு நிறப் பெயிண்ட் அடித்தது. பாகும் பழுப்பு, பெயிண்டும் பழுப்பு. வழிவது கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று!

புண்ணுக்கு மருந்து போடவில்லை. சட்டையைப் போட்டு மூடினார்கள்.

மூன்று ஆண்டுகள் இப்படியே போயின. 1919 ஜனவரியில் ஒரு கப்பல் வந்தது. தொட்டியை ஏறக்குறைய நிரப்பினார்கள். நிரப்பிய இரண்டு மூன்று நாளில் தொட்டி பிளந்தது. மணிக்கு 35 மைல் வேகத்தில் பாகு பாய்ந்தது. வீடுகள் நொறுங்கின. தீ அணைக்கும் நிலையம் ஒன்று அடியோடு நகர்ந்தது. உயரத்தில் ஓடும் ரெயில் பாதையின் இரும்புத் தூண்கள் வளைந்தன. குதிரைகள் பாகில் சிக்கி, எழுந்திருக்க முடியாமல் செத்தன.

பாகு வெளியே வந்ததும் குளிரில் இறுகியது. உள்ளே அகப்பட்டவர்களை வெளியே இழுக்க முடியவில்லை. காப்பாற்றப் போனவர்களும் முழங்கால் வரை புதைந்தார்கள்.

வெடிகுண்டா?

"எங்கள் தொட்டியில் குறை இல்லை. எவனோ வெடிகுண்டு வைத்துவிட்டான்" என்று கம்பெனி சொன்னது. அந்தக் காலத்தில் அமெரிக்காவில் சில கலகக்காரர்கள் குண்டு வைத்தது உண்டு. ஆகவே பழியை அங்கே தள்ளப் பார்த்தார்கள்.

செத்தவர்களின் குடும்பத்தினர் விடவில்லை. ஏழைகளாக இருந்தும் வழக்குப் போட்டார்கள். ஹியூ ஆக்டன் என்ற வக்கீலை விசாரணை அதிகாரியாகக் கோர்ட்டு நியமித்தது. விசாரணை ஆண்டுக்கணக்கில் நடந்தது. 1925-ம் ஆண்டில் முடிவு சொன்னார். "வெடிகுண்டு இல்லை. தொட்டி பலம் இல்லாமல் கட்டப்பட்டதுதான் காரணம்" என்பது அந்த முடிவு. கம்பெனி 6 லட்சத்து 28 ஆயிரம் டாலர் நஷ்ட ஈடு கொடுத்தது.

இதன் பிறகுதான் போஸ்டனில் ஒரு விதி வந்தது. பெரிய கட்டடம் எதுவானாலும் என்ஜினீயர் கணக்குப் போட்டுத் தர வேண்டும். அதில் அவருடைய முத்திரை இருக்க வேண்டும். 21 பேர் செத்த பிறகு வந்த விதி அது.

தொட்டி ஏன் பிளந்தது?

காரணம் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம்.

ஒரு தகர டப்பாவில் மேலே ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று என்று மூன்று ஓட்டை போடுங்கள். தண்ணீர் நிரப்புங்கள். மேல் ஓட்டையில் தண்ணீர் மெதுவாக வழியும். நடு ஓட்டையில் கொஞ்சம் தள்ளி விழும். அடி ஓட்டையில் பீறிட்டு அடிக்கும். அடியில்தான் அழுத்தம் அதிகம். மேலே உள்ள தண்ணீரின் பாரம் எல்லாம் அங்கே இறங்குகிறது.

தொட்டியின் சுவரும் அப்படித்தான். அடித் தகடு கனமாக இருக்க வேண்டும். மேலே போகப் போகக் கனம் குறையலாம்.

மாட்டு வண்டிச் சக்கரத்தைச் சுற்றி ஒரு இரும்புப் பட்டா இருக்கிறதே, அது எதற்கு? சக்கரம் பிரிந்து போகாமல் கட்டிப் பிடிப்பதற்கு. தொட்டிக்குத் தனியாகப் பட்டா இல்லை. சுவர்த் தகடுதான் பட்டா. உள்ளே இருப்பது நான்கு பக்கமும் தள்ளுகிறது. தகடு சுற்றி நின்று இழுத்துப் பிடிக்கிறது. தொட்டியின் அகலம் இரண்டு மடங்கு ஆனால், அதே கனம் உள்ள தகட்டில் இழுப்பும் இரண்டு மடங்கு ஆகும். ஆகவே, சின்னத் தொட்டி கட்டிய அனுபவம் மட்டும் பெரிய தொட்டிக்குப் போதாது. கணக்கு வேண்டும்.

போஸ்டன் தொட்டியின் தகடு, இருக்க வேண்டிய கனத்தில் ஏறக்குறையப் பாதிதான் இருந்தது. பிற்கால என்ஜினீயர்கள் கணக்குப் போட்டு இதைக் கண்டார்கள். பாகு தண்ணீரைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனம். அதுவும் சேர்ந்துகொண்டது.

இன்னொரு குறையும் இருந்தது. அந்த இரும்பு குளிரில் நொறுங்கும் ஜாதி.

கமர்கட் காய்ச்சுவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். சூடாக இருக்கும்போது பாகு வளையும், நீளும். ஆறிய பிறகு தட்டினால் "படீர்" என்று உடையும். சிலவகை இரும்பும் அப்படியே. வெயிலில் வளைந்து கொடுக்கும். குளிரில் கண்ணாடி போல வெடிக்கும். ஒரு சிறு வெடிப்பு கிளம்பினால் போதும். கண் மூடித் திறப்பதற்குள் தகடு முழுவதும் ஓடிவிடும்.

ஒட்டும் ஒட்டுப்போடுபவரும்

போஸ்டன் தொட்டியின் தகடுகளை ரிவெட் ஆணி அடித்துச் சேர்த்து இருந்தார்கள். இப்போது பெரிய தொட்டிகளை வெல்டிங் செய்து கட்டுகிறார்கள்.

வெல்டிங் என்பது பசை போட்டு ஒட்டுவது அல்ல. மின்சாரப் பொறியில் இரண்டு தகடுகளின் விளிம்பும் உருகுகின்றன. கையில் உள்ள கம்பியும் உருகுகிறது. மூன்றும் கலந்து இறுகி ஒரே இரும்பு ஆகின்றன. நல்ல ஒட்டு, தகட்டைப் போலவே பலமாக இருக்கும்.

கெட்ட ஒட்டும் மேலே பார்த்தால் நல்ல ஒட்டைப் போலவே இருக்கும். இதுதான் ஆபத்து! உள்ளே காற்றுக் குமிழ் இருக்கலாம். உருகிய கசடு சிக்கி இருக்கலாம். விளிம்பு உருகாமல் மேலே மட்டும் இரும்பு படிந்து இருக்கலாம். கம்பி ஈரமாக இருந்தால், ஆறிய பல மணி நேரத்துக்குப் பிறகு கூட ஒட்டுக்குள் வெடிப்பு விடலாம். அதனால்தான் முக்கியமான வேலைக்கு உள்ள கம்பிகளைச் சூட்டுப் பெட்டியில் காய வைத்து எடுக்கிறார்கள்.

தொட்டியில் எந்த ஒட்டுக்குப் பாரம் அதிகம்? மேலும் கீழுமாக நிற்கும் ஒட்டுக்குத்தான். பட்டாவின் இழுப்பு முழுவதையும் அதுவே தாங்குகிறது. ஆகவே கீழ் வரிசையின் நிற்கும் ஒட்டுக்கு நேர் மேலே அடுத்த வரிசையின் ஒட்டு வரக்கூடாது. விலகி வர வேண்டும். கொத்தனார் செங்கல் அடுக்கும்போது மூட்டுக்கு மேல் மூட்டு வராமல் அடுக்குகிறாரே, அதே முறை.

எல்லா ஒட்டும் பலமாக இருக்க வேண்டும். ஆனால் எண்ணெய்த் தொட்டி பலவற்றில் ஒரு ஒட்டை மட்டும் வேண்டும் என்றே பலம் குறைவாக வைக்கிறார்கள்! அது கூரையும் சுவரும் சேரும் ஒட்டு. உள்ளே ஆவி தீப்பிடித்து வெடித்தால், கூரை பிய்த்துக்கொள்ளும். சுவரும் அடியும் தப்பும். எண்ணெய் ஊருக்குள் பாயாது. இதை எல்லாம் யோசித்துச் செய்வதற்குப் பெயர்தான் என்ஜினீயர் வேலை.

ஒட்டைச் சோதிக்க வழிகள் இருக்கின்றன. எலும்பு முறிந்தால் டாக்டர் எக்ஸ்ரே படம் எடுக்கிறார் அல்லவா? ஒட்டுக்கும் அதுபோல் படம் எடுக்கலாம். அடித் தகட்டு ஒட்டின் மேல் சோப்புத் தண்ணீர் தடவுவார்கள். மேலே ஒரு கண்ணாடிப் பெட்டியைக் கவிழ்த்து, அதில் உள்ள காற்றை உறிஞ்சுவார்கள். ஓட்டை இருந்தால் குமிழி வரும். சைக்கிள் டியூப்பில் பஞ்சர் பார்ப்பது போலத்தான். கடைசியில், தொட்டி நிறையத் தண்ணீர் விட்டுப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் பெட்ரோலியக் கழகத்தின் 650-ம் எண் விதி இதை எல்லாம் சொல்கிறது. இந்தியாவிலும் ஐ.எஸ். 803 என்ற விதி இருக்கிறது. விதி இல்லாமல் இல்லை. அதன்படி நடக்கும் மனம்தான் சில இடங்களில் இல்லை.

70 ஆண்டு கழித்தும் அதே கதை

"அது பழைய காலம். ரிவெட் காலம். இப்போது அப்படி நடக்காது" என்று சொல்பவர்கள் உண்டு. நடந்தது.

1988-ம் ஆண்டு ஜனவரி 2-ந்தேதி. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்துக்குப் பக்கத்தில் புளோரெப் என்ற ஊர். அங்கே ஆஷ்லாந்து எண்ணெய்க் கம்பெனி ஒரு தொட்டியை நிறுத்தி இருந்தது. வேறு ஊரில் 40 ஆண்டுகள் இருந்த பழைய தொட்டி அது. அதைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடியும் வெல்டிங் செய்து கட்டினார்கள்.

தண்ணீர்ச் சோதனை? தொட்டி நிறையத் தண்ணீர் விடவில்லை. அடியில் சில அடி உயரத்துக்கு மட்டும் விட்டுப் பார்த்தார்கள்.

பிறகு டீசல் எண்ணெயை ஏற்றினார்கள். முதன்முதலாகத் தொட்டி நிறையப் போகும் நேரம். குளிர் காலம். சுவர் மேலிருந்து கீழ் வரை கிழிந்தது. ஏறத்தாழ 1 கோடியே 45 லட்சம் லிட்டர் டீசல் கொட்டியது. சுற்றிக் கட்டிய கரையைத் தாண்டி எண்ணெய் பாய்ந்தது. சுமார் 28 லட்சம் லிட்டர் மொனோங்ககேலா ஆற்றில் கலந்தது. அங்கே இருந்து ஒகையோ ஆற்றுக்குப் போயிற்று. மூன்று மாநிலங்களில் சுமார் 10 லட்சம் பேரின் குடிதண்ணீர் கெட்டது.

காரணம் என்ன? ஒட்டுக்குப் பக்கத்தில் தகட்டில் ஒரு சின்னக் குறை. பழைய நாளிலேயே இருந்த குறை. அந்தக் குளிரில் பழைய இரும்பு அதைத் தாங்கவில்லை.

இங்கே ஒரு பாடம் இருக்கிறது. போஸ்டன் தொட்டி மூன்று ஆண்டுகள் கசிந்து எச்சரிக்கை கொடுத்தது. இந்தத் தொட்டி எச்சரிக்கை கொடுக்கவில்லை. கசியவில்லை என்பதால் தொட்டி பத்திரம் என்று அர்த்தம் இல்லை. சோதித்துப் பார்த்தால்தான் தெரியும்.

மறுபடியும் 2008-ம் ஆண்டு நவம்பர் 12-ந்தேதி. வர்ஜீனியா மாநிலத்தில் செசபீக் என்ற ஊர். திரவ உரம் வைக்கும் தொட்டி ஒன்று. 1929-ல் கட்டியது. அதில் பழைய ரிவெட் மூட்டுக்களின் மேல் தகடு வைத்து வெல்டிங் செய்து இருந்தார்கள். அந்த ஒட்டுகளுக்கு எக்ஸ்ரே படம் எடுக்கவில்லை. தொட்டியை நிரப்பும்போது ரிவெட் இடங்களில் கசிந்தது. ஒரு வெல்டரையும் உதவியாளரையும் அனுப்பிக் கசிவை அடைக்கச் சொன்னார்கள். தொட்டி நிறைய உரம் இருக்கும்போதே! அவர்கள் வேலை செய்துகொண்டு இருக்கையில் தொட்டி பிளந்தது. இருவரும் உயிருக்குப் போராடும் நிலையில் படுகாயம் அடைந்தார்கள். நிற்கும் ஒட்டுகளின் வெல்டிங் சரி இல்லை என்று அரசாங்க விசாரணையில் தெரிந்தது.

1919, 1988, 2008. மூன்றிலும் ஒரே தவறு. தொட்டியை ஒழுங்காகச் சோதிக்காமல் நிரப்பினார்கள்.

காலித் தொட்டியும் எமன்தான்

தொட்டியில் வெல்டிங் வேலைக்குப் போகும் மகனோ கணவனோ உள்ள குடும்பங்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும். நிறைந்த தொட்டியைவிடச் சில சமயம் காலித் தொட்டி அதிக ஆபத்து!

எண்ணெய் போன பிறகும் ஆவி உள்ளே நிற்கும். காற்றும் உள்ளே இருக்கும். இரண்டும் கலந்து இருக்கும் இடத்தில் ஒரு பொறி விழுந்தால் போதும்.

2006-ம் ஆண்டு ஜூன் 5-ந்தேதி. அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்தில் ஒரு எண்ணெய் வயல். தொட்டிகளுக்குக் குழாய் சேர்க்க ஆட்கள் தொட்டிகளின் மேல் ஏறி நின்றார்கள். தொட்டியில் ஆவி இருக்கிறதா என்று பார்க்க, எரியும் விளக்குக் குழாயை உள்ளே விட்டுப் பார்த்தார் வெல்டர். ஒன்றும் ஆகவில்லை. "சரி, ஆவி இல்லை" என்று வெல்டிங்கைத் தொடங்கினார். பக்கத்துத் தொட்டியின் அடியில் எண்ணெய் மிச்சம் இருந்தது. அதன் குழாய் முனை திறந்து கிடந்தது. அந்த ஆவியில் பொறி பட்டது. மூன்று பேர் செத்தார்கள். ஒருவர் படுகாயம் அடைந்தார்.

ஆவி இருக்கிறதா என்று அளக்கக் கருவி இருக்கிறது. நெருப்பை விட்டுப் பார்ப்பது சோதனை அல்ல, தற்கொலை! கருவியால் அளந்து, எழுத்தில் அனுமதிச் சீட்டுக் கொடுத்த பிறகுதான் தொட்டியின் பக்கத்தில் பொறி பறக்கும் வேலை செய்ய வேண்டும். சீட்டு இல்லை என்றால் வேலை இல்லை. இப்படிச் சொல்லும் தொழிலாளியை "சோம்பேறி" என்று திட்டக்கூடாது. அவர்தான் புத்திசாலி.

செலவு, செலவு!

"இத்தனை சோதனைக்கும் செலவு ஆகுமே" என்று முதலாளிகள் கேட்பார்கள்.

ஆகும். எக்ஸ்ரே படத்துக்குப் பணம் வேண்டும். தண்ணீர் நிரப்பி வைத்துப் பார்க்க நாட்கள் வேண்டும். அந்த நாட்களில் தொட்டி சம்பாதிக்காது. இது நியாயமான பேச்சுதான்.

ஆனால் போஸ்டன் கம்பெனி மிச்சம் பிடித்தது என்ன? கொஞ்சம் தண்ணீர்ச் செலவு. சில நாட்கள். பிறகு கொடுத்தது என்ன? 6 லட்சத்து 28 ஆயிரம் டாலர். தொட்டியும் போயிற்று. பாகும் போயிற்று. பெயரும் போயிற்று. 21 உயிருக்கு விலை கணக்கில் வராது.

"தண்ணீர்ப் பஞ்சம் உள்ள ஊரில் இவ்வளவு தண்ணீரை வீணாக்குவதா?" என்று கேட்பவர்களும் உண்டு. வீணாக்க வேண்டாம். ஒரு தொட்டியைச் சோதித்த தண்ணீரைப் பக்கத்துத் தொட்டிக்கு மாற்றலாம். ஒரே தண்ணீரில் பல தொட்டிகளைச் சோதிக்கலாம்.

சோதனையில் தொட்டி பிளந்தால்? பிளக்கட்டும்! தண்ணீர்தான் ஓடும். ஆட்களைத் தள்ளி நிறுத்திவிட்டுச் செய்தால் ஒருவருக்கும் ஆபத்து இல்லை. டீசலை வைத்துக்கொண்டு பிளப்பதைவிடத் தண்ணீரில் பிளப்பது எவ்வளவோ நல்லது.

தண்ணீர்ச் சோதனை மட்டும் செய்தால் போதும் என்பதும் தவறு. தண்ணீரைவிடக் கனமான சரக்கை வைக்கப் போகிறவர்கள், அந்தக் கனத்துக்குக் கணக்குப் போட வேண்டும். குளிர் நாடு என்றால் குளிரைத் தாங்கும் இரும்பு வாங்க வேண்டும். தொட்டியைச் சுற்றிக் கரை கட்ட வேண்டும். தொட்டியில் உள்ளது முழுவதும் கொட்டினாலும் நிற்கும் அளவுக்கு அந்தக் கரை இருக்க வேண்டும். அதுவும் போதாது. தொட்டி ஒரே நொடியில் பிளந்தால் அலை கரையைத் தாண்டிவிடும். 1988-ல் அதுதான் நடந்தது. ஆகவே குடியிருப்புக்குப் பக்கத்தில் பெரிய தொட்டிக்கு இடம் கொடுக்கவே கூடாது. போஸ்டனில் ஏழைகளின் வீட்டு வாசலில் தொட்டியைக் கட்டினார்கள். பணக்காரர் தெருவில் கட்ட விட்டு இருப்பார்களா?

யார் குற்றம்?

ஒரு ஒட்டு விட்டுப்போனால், முதலில் வெல்டர் மேல்தான் பழி விழுகிறது. இது சரி அல்ல.

வெல்டர் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்பது உண்மை. தெரியாத வேலையைத் தெரிந்தது போலச் செய்யக்கூடாது. தேர்வு வைத்து, ஒட்டிய தகட்டை வளைத்துப் பார்த்து, தேறியவரிடம் மட்டும் பெரிய தொட்டி வேலையைக் கொடுக்க வேண்டும்.

ஆனால் ஈரக் கம்பியைக் கொடுத்தவர் யார்? "நாளைக்குக் கப்பல் வருகிறது, இன்று இரவே முடி" என்று விரட்டியவர் யார்? மெல்லிய தகட்டை வாங்கியவர் யார்? சோதனையை வெட்டியவர் யார்? அவர்கள் எல்லாம் மேஜைக்குப் பின்னால் இருக்கிறார்கள். தொட்டி பிளக்கும்போது பக்கத்தில் நிற்பவர்கள் அவர்கள் அல்ல. தொழிலாளியும், பக்கத்து வீட்டுப் பிள்ளையும்தான் நிற்கிறார்கள்.

ஆகவே மூன்று காரியம் வேண்டும்.

ஒன்று: கணக்குப் போட்ட என்ஜினீயர் பெயரும், ஒட்டிய வெல்டர் பெயரும், சோதித்தவர் பெயரும் எழுத்தில் இருக்க வேண்டும். பெயர் இருந்தால் பொறுப்பு இருக்கும்.

இரண்டு: முழுச் சோதனை முடியாமல் எந்தத் தொட்டியையும் நிரப்பக்கூடாது. புதிய தொட்டி ஆனாலும் சரி, பிரித்துக் கட்டிய பழைய தொட்டி ஆனாலும் சரி, பெரிய ஒட்டு வேலை செய்த தொட்டி ஆனாலும் சரி. கப்பல் காத்து இருக்கட்டும்.

மூன்று: "கசிகிறது" என்று ஒரு தொழிலாளி சொன்னால், அன்றே தொட்டியைப் பார்க்க வேண்டும். சொன்னவருக்குத் தண்டனை கூடாது. பாராட்டு வேண்டும்.

போஸ்டனில் தொட்டி கசிவது எல்லோருக்கும் தெரியும். டப்பா கொண்டுவந்த குழந்தைக்குத் தெரியும். இரும்புச் செதிலை அள்ளிக்கொண்டு போன தொழிலாளிக்குத் தெரியும். கம்பெனிக்கும் தெரியும். தெரியாமல் இருந்தால் பழுப்புப் பெயிண்ட் எதற்கு?

கசியும் தொட்டிக்குப் பெயிண்ட் அடிக்காதீர்கள். அதைக் காலி செய்யுங்கள்!